அழித்த மெயிலும் சாட்சி சொல்லும்

பழைய மெயிலை எல்லாம் அழிச்சுட்டா தொல்லை விட்டதுன்னு நினைச்சவன்தான் நானும். லாரா சுபுலேக் வழக்கைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

லாரா, யூபிஎஸ் வார்பர்க் வங்கியில் பங்கு விற்பனைப் பிரிவில் இருந்தவர். பெண் என்பதால் பாரபட்சம் காட்டுகிறார்கள் என்று 2001 ஆகஸ்டில் புகார் கொடுத்தார். அக்டோபரில் வேலை போய்விட்டது. 2002இல் நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போனார்.

அமெரிக்காவில் விசாரணைக்கு முன்பே இரு தரப்பும் வழக்கு சம்பந்தமான ஆவணங்களை எதிராளிக்குக் காட்டியாக வேண்டும். இதுதான் டிஸ்கவரி. மின்னஞ்சல், கணினிக் கோப்புகள் என்று வரும்போது இ-டிஸ்கவரி.

வங்கி கொடுத்த மின்னஞ்சல்கள் சுமார் 100 பக்கம். லாராவின் கையிலேயே ஏறக்குறைய 450 பக்கம் இருந்தது! அப்போ மீதி எங்கே? பேக்கப் டேப்களில். அவற்றை மீட்க ரொம்பச் செலவாகும் என்றது வங்கி. 'முதலில் ஐந்து டேப்பை மட்டும் பாருங்கள்' என்றார் நீதிபதி ஷிரா ஷெய்ண்ட்லின். சம்பந்தமுள்ள மின்னஞ்சல்கள் சுமார் 600 கிடைத்தன. பிறகு மீட்புச் செலவில் முக்கால் பங்கை வங்கியும் கால் பங்கை லாராவும் ஏற்கச் சொன்னார்.

சில டேப்கள் காணாமல் போயிருந்தன. 'எதையும் அழிக்காதீங்க'ன்னு வக்கீல்கள் சொன்ன பிறகும் சில ஊழியர்கள் மெயில்களை அழித்திருந்தார்கள். அழிந்தவை வங்கிக்குப் பாதகமானவை என்று ஜூரிகள் ஊகித்துக்கொள்ளலாம் என்று 2004இல் தீர்ப்பு வந்தது. 2005 ஏப்ரலில் ஜூரிகள் லாராவுக்குச் சுமார் 2.9 கோடி டாலர் தரச் சொன்னார்கள்.

அப்படின்னா எதையுமே அழிக்கக் கூடாதா? அப்படியில்லை. எந்தக் கோப்பை எத்தனை வருஷம் வைப்பது, எப்போது அழிப்பது என்று விதி எழுதி, அதன்படி நடப்பதுதான் தகவல் நிர்வாகம். ஆனால் வழக்கு வரும் என்று தெரிந்த நிமிஷமே அது சம்பந்தமானவற்றை அழிப்பதை நிறுத்தியாக வேண்டும். இதை 'லிட்டிகேஷன் ஹோல்ட்' என்கிறார்கள். இந்த வழக்கில் அந்தக் கடமை லாரா புகார் கொடுப்பதற்கும் முன்பே, 2001 ஏப்ரலிலேயே தொடங்கிவிட்டது என்றார் நீதிபதி. வழக்கு வரலாம் என்று உள்ளே இருந்தவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்ததே!

2015இல் விதி மாறியது. மின்னணுத் தகவல் அழிந்ததற்காக இப்படி ஊகிக்கச் சொல்ல இப்போது வெறும் கவனக்குறைவு போதாது. எதிராளிக்குக் கிடைக்கக் கூடாது என்ற எண்ணத்தோடு அழித்திருக்க வேண்டும்.

எனக்கு உறைத்தது இதுதான்: தனி மனுஷி ஒருத்தியின் சாட்சியம் முழுக்க அவர் எதிர்த்து நிற்கும் நிறுவனத்தின் அலமாரியில்தான் இருக்கிறது. லாரா தன் மெயில்களை எடுத்து வைத்திருக்காவிட்டால், அந்த 100 பக்கத்தோடு கதை முடிந்திருக்கும், இல்லையா?