ரெண்டு நியூட்ரான் கூடினா காந்தம் என்ன ஆகும்?



இந்த வார எபிசோட்ல நேரம் பத்தாம விட்டுப்போன ஒரு சோதனையைப் பத்தி இங்க எழுதறேன். எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை, அதனால கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

ஒரே பொருளோட ரெண்டு துண்டு. ரெண்டுலயும் லாந்தனம், பிரசியோடைமியம், கால்சியம், மாங்கனீஸ், ஆக்சிஜன். அளவும் ஒண்ணுதான். ஒரே ஒரு வித்தியாசம்: ஒண்ணுல சாதாரண ஆக்சிஜன்-16, இன்னொண்ணுல ஆக்சிஜன்-18. குளிரவெச்சா முதல் துண்டு சுமார் 95 கெல்வின்ல உலோகமா மாறி மின்சாரத்தை நல்லாக் கடத்துது. ரெண்டாவது, 4.2 கெல்வின் வரை இறக்கினாலும் மாறவே இல்ல. 1998ல மாஸ்கோவின் குர்ச்சாத்தோவ் நிறுவனக் குழு நேச்சர் இதழில் வெளியிட்ட முடிவு இது.

இதுல என்ன ஆச்சரியம்? ஆக்சிஜன்-18ல ரெண்டு நியூட்ரான் அதிகம், அவ்வளவுதான். எடை 12.5 சதவீதம் கூடும். எலக்ட்ரான் எண்ணிக்கை அதே, வேதியியலும் கிட்டத்தட்ட அதே. காந்தத்தன்மை எலக்ட்ரான்களோட வேலை. அணுக்கரு கனமா இருந்தா அதுக்கு என்ன?

மாங்கனைட்னு சொல்ற இந்தப் பொருட்களுக்கு 1951லேயே கிளாரன்ஸ் ஜீனர் ஒரு விளக்கம் கொடுத்திருந்தார். ஒரு மாங்கனீஸ்ல இருக்கற எலக்ட்ரான், நடுவுல உள்ள ஆக்சிஜன் வழியா பக்கத்து மாங்கனீஸுக்குத் தாவும். ரெண்டு மாங்கனீஸோட காந்தத் திசையும் ஒண்ணா இருந்தாதான் தாவறது சுலபம். அதனால எலக்ட்ரான் ஓட ஓட எல்லாம் ஒரே திசையில திரும்பிடும். காந்தமும் உலோகமும் சேர்ந்தே வருது. அழகான கதை. ஆனா இதுல ஆக்சிஜன் சும்மா ஒரு பாலம் மாதிரிதான்.

1995ல மில்லிஸ், லிட்டில்வுட், ஷ்ரைமன் மூணு பேரும் கணக்குப் போட்டுப் பார்த்து, இது மட்டும் பத்தாதுன்னு சொன்னாங்க. எலக்ட்ரான் வந்து உட்கார்ந்தா மாங்கனீஸைச் சுத்தி இருக்கற ஆறு ஆக்சிஜனும் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும். மெத்தையில உட்கார்ந்தா குழி விழற மாதிரி. அப்புறம் எலக்ட்ரான் நகரணும்னா அந்தக் குழியையும் இழுத்துட்டே போகணும். எலக்ட்ரானும் குழியும் சேர்ந்ததுக்குப் பேர் போலரான்.

இது உண்மையான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? மெத்தையை மட்டும் மாத்திப் பார்க்கணும். கனமான ஆக்சிஜன் மெதுவா அதிரும். ஆக்சிஜன்-18க்கு அதிர்வெண் சுமார் 6 சதவீதம் குறைவு. கேட்க அற்பமா இருக்கு. ஆனா போலரான் தாவற வேகம் இந்த அதிர்வெண்ணை அடுக்குக்குறியா சார்ந்திருக்கு, அதனால சின்ன மாற்றமே பெரிசாத் தெரியும். தாவல் குறைஞ்சா காந்தமும் பலவீனமாகும்.

1996ல சூரிக்ல ஜாவ், கோண்டர், கெல்லர், முல்லர் நாலு பேரும் இதைச் செஞ்சு பார்த்தாங்க. (உயர்வெப்ப மீக்கடத்திக்கு நோபல் வாங்கின அதே முல்லர்தான்.) லாந்தனம்-கால்சியம் மாங்கனைட்ல ஆக்சிஜனை மாத்தினதும் காந்தமா மாறற வெப்பநிலை சுமார் 20 கெல்வின் கீழ இறங்கிடுச்சு! ஆக்சிஜன் வெறும் பாலம் இல்லன்னு அதோட தெளிவாச்சு.

செய்முறையிலும் ஒரு விஷயம் கவனிக்கணும். ஆக்சிஜன்-18 வாயுவுல பொடியைச் சூடாக்கித்தான் அணுக்களை மாத்தறாங்க. சூடாக்கினதாலேயே பொருள் மாறியிருந்தா? அதனால இந்த மாதிரி சோதனைகள்ல இன்னொரு துண்டை ஆக்சிஜன்-16ல அதே சூட்டுல, அதே நேரம் வைப்பாங்க. மாறின துண்டோட எடை எவ்வளவு கூடியிருக்குன்னு பார்த்தா எத்தனை அணு மாறிச்சுன்னும் தெரிஞ்சிடும்.

அப்போ மாஸ்கோ துண்டு ஏன் 20 கெல்வினோட நிக்காம முழுசா மாறாமலே போச்சு? அதுல லாந்தனத்தோட பெரும்பகுதிக்குப் பதிலா பிரசியோடைமியம் இருக்கு. அதனால பொருள் ஏற்கெனவே உலோகத்துக்கும் மின்காப்புக்கும் நடுவுல, விளிம்புல நிக்குது. ரெண்டு நியூட்ரான் தள்ளினதுமே அந்தப் பக்கம் விழுந்துடுச்சு. வலுவான காந்தப்புலத்துல வெச்சா, அந்த ஆக்சிஜன்-18 துண்டும் உலோகமாத் திரும்பி வருது.