முத்துப் பதிக்கும் மெசின்

பெருநாள் நெருங்கினால் கல்முனை, சாய்ந்தமருது பக்கம் அபாயாவின் கைமுனையிலும் சாலின் ஓரத்திலும் வெள்ளை முத்துகள் வரிசை கட்டும். காரைதீவில் கண்ணகி அம்மன் குளிர்த்தித் திருவிழாவுக்குத் தைக்கிற பிளவுசிலும் அதே முத்துத்தான்.

இவை கடலைக் காணாத முத்துகள். மன்னார்க் கடலில் 1905இல் பெரிய அளவில் முத்துக் குளித்தார்கள். பின்னர் கடலடியில் சிப்பி விளைந்த பார்கள் வற்றின. பிரான்சில் 17ஆம் நூற்றாண்டிலேயே ஜாகேன் என்ற செபமாலை செய்பவர் மீன்செதிலின் மினுக்கத்தைக் கண்ணாடி மணிகளுக்குள் பூசிப் போலி முத்துச் செய்திருந்தார். இன்று ஏபிஎஸ் பிளாஸ்டிக் உருண்டைக்கு முத்துநிறப் பூச்சு.

ஊசியால் கோத்துத் தைத்த வரிசையில் ஒரு நூல் அறுந்தால் பக்கத்து முத்துகளும் சேர்ந்து உதிரும். மெசின் பதித்த முத்து ஒவ்வொன்றும் தனித்து நிற்கும். மேசையில் வைக்கும் கைமெசினில் எதிரெதிராக இரண்டு அச்சுகள். ஒன்றின் குழியில் முத்து, மற்றதில் கூர்க்கால்கள் உள்ள சிறு ரிவிட், நடுவில் துணி. கைப்பிடியை அழுத்தினால் கால்கள் துணியைத் துளைத்து முத்தின் அடித்துளைக்குள் நுழைந்து, அங்கே விரிந்து உள்சுவரைக் கவ்விக்கொள்ளும். பெரிய மோட்டார் மெசினில் முத்தும் ரிவிட்டும் தாமாகவே குழாய் வழியே அச்சுக்கு இறங்கும். தையற்காரர் துணியை நகர்த்திக் காலால் மிதித்தால் போதும்.

கைத்திறன் தெரிவது அளவுப் பொருத்தத்தில்தான். 6 மில்லிமீற்றர் முத்துக்கு 8 மில்லிமீற்றர் அச்சைப் போட்டால் முத்து சரிந்து உட்காரும். ரிவிட்டின் கால் குட்டையானால் தடித்த துணியைத் தாண்டி முத்தைப் பிடிக்காது. நீளமானால் மெல்லிய துணியில் முத்து ஆடும், சிலவேளை வெடிக்கும். சிபோன் போன்ற துணிக்கு உட்பக்கம் கான்வஸ் துண்டு ஒட்டாமல் அழுத்தவே கூடாது. முத்தின் பாரத்தில் ஓட்டை பெரிதாகி, துணியே கிழியும். நூல் அறுந்ததைத் திரும்பத் தைக்கலாம். துளைத்த துணியை என்ன செய்வது? மருதமுனைக் கைத்தறிச் சேலைக்கு இந்த மெசின் வேண்டாம் என்பேன். அவ்வளவு பாடுபட்டு நெய்த இழையை ஆணிக்காலால் விலக்குவது அநியாயம். அங்கே ஊசிதான் சரி.

வாங்கும்போது உட்புறத்தைத் திருப்பி விரலால் தடவிப் பாருங்கள். ரிவிட்டின் தலை துணியோடு படிந்திருக்க வேண்டும்; சொரசொரப்பாக இருந்தால் மணிக்கட்டை உரசிக்கொண்டே இருக்கும். கடும் சூட்டில் பிளாஸ்டிக் இளகும், பூச்சும் மங்கும். ஆகவே முத்து வரிசையை விட்டு விலகியே அயன் பண்ணுங்கள்.