பார்ப்பது கண்ணா, மூளையா? அறுந்த ஒற்றை இழை நெசவாளர் கண்ணில் படுவது எப்படி?

திருவண்ணாமலை மாவட்டம் போளூர், ஆரணி வட்டாரத்தில் பட்டுத்தறி இருக்கும் வீட்டுக்குப் போனால் இதைப் பார்க்கலாம். பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். நாடா இடமும் வலமும் ஓடுகிறது. திடீரென நெசவாளர் நிறுத்துகிறார். ஒரே ஒரு இழை அறுந்திருக்கிறது. பக்கத்தில் நிற்கும் நமக்கு விரல் வைத்துக் காட்டினாலும் தெரியாது!

"அவருக்குக் கண்ணு கூர்மை" என்போம். பாதிதான் சரி. மீதி வேலை தலைக்குள் நடக்கிறது.

கண் என்ன செய்கிறது?

கண்ணின் விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் 12 கோடிக்கு மேல் இருக்கின்றன. ஆனால் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் இருப்பது சுமார் 10 லட்சம் இழைகள்தான். அதாவது, கண் முழுப் படத்தை அனுப்புவதில்லை. சுருக்கித்தான் அனுப்புகிறது. அதுவும் படமாக இல்லை, மின் துடிப்பாக.

நியூரான் எனப்படும் நரம்பு செல்லின் மொழியே இந்தத் துடிப்புதான். ஒரு துடிப்பு ஏறக்குறைய ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும். சிவப்பு ஜரிகைக்கும், தறிச் சத்தத்துக்கும் துடிப்பு ஒரே மாதிரிதான். எந்த நியூரான் துடிக்கிறது, எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது என்பதில்தான் வித்தியாசம். மனித மூளையில் இப்படி சுமார் 8,600 கோடி நியூரான்கள் உள்ளன.

ஒரு சின்ன சோதனை செஞ்சு பாருங்க. கைகளை நீட்டி, இரண்டு கட்டை விரல்களையும் ஒட்டி நிமிர்த்துங்கள். இடது கண்ணை மூடி, வலது கண்ணால் இடது விரலை மட்டும் பாருங்கள். பார்வையை நகர்த்தாமல் வலது விரலை மெதுவாக வலப்பக்கம் கொண்டுபோங்கள். ஒரு சாணுக்குள் ஓர் இடத்தில் விரல் நுனி காணாமல் போகும். நரம்பு வெளியேறும் அந்த இடத்தில் ஒளியை உணரும் செல்களே கிடையாது. ஆனாலும் அங்கே கறுப்பு ஓட்டை தெரியாது. சுற்றியிருப்பதை வைத்து மூளையே நிரப்பிவிடுகிறது.

சாய்ந்த கோடும் நோபல் பரிசும்

டேவிட் ஹூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இரு விஞ்ஞானிகள் 1950-களின் கடைசியில் பூனையின் மூளையை ஆராய்ந்தார்கள். தலையின் பின்பக்கம் உள்ள பார்வைப் பகுதியில் சில நியூரான்கள் நேர்க்கோட்டுக்கு மட்டும் துடித்தன. சில, சாய்ந்த கோட்டுக்கு மட்டும். இந்தத் துண்டுகளை அடுத்தடுத்த பகுதிகள் சேர்த்துத்தான் உருவமும் முகமும் உருவாகின்றன. 1981-ல் இவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நெசவாளருக்கு நடப்பதும் இதுதான். வருஷக்கணக்கில் ஒரே வேலையைப் பார்க்கப் பார்க்க, அதற்கான நியூரான்களின் இணைப்புகள் வலுப்படுகின்றன. ஒழுங்கிலிருந்து எது விலகினாலும் மூளை உடனே கவனிக்கிறது. இன்னொன்று: நெய்யப்போகும் சேலையை அவர் மனசுக்குள் கற்பனை செய்யும்போதும், பார்க்கும்போது வேலை செய்யும் சில பகுதிகள் இயங்குகின்றன. பார்ப்பதும் நினைப்பதும் தனித்தனி அறைகள் அல்ல.

இணைப்பு எப்போது உருவாகிறது?

நியூரான்களில் பெரும்பகுதி கருவிலேயே உருவாகிவிடும். சென்னை ஐஐடி 2024 டிசம்பரில் வெளியிட்ட 'தரணி' தொகுப்பில், கருவிலுள்ள சிசுவின் மூளையை 5,132 மெல்லிய வெட்டுகளாக, செல் தெரியும் அளவுக்குப் பார்க்கலாம். ஆனால் பார்வைக்கான இணைப்புகள் முழுமையடைய, பிறந்த பிறகு கண் வழியாக ஒளியும் உருவமும் வரவேண்டும்.

வராவிட்டால்? ஹூபலும் வீசலும் பூனைக்குட்டியின் ஒரு கண்ணை ஆரம்ப மாதங்களில் மூடிவைத்துப் பிறகு திறந்தார்கள். கண் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கண்ணுக்கு மூளையில் இடம் இல்லாமல் போயிருந்தது.

மனிதர்களிடம் கொஞ்சம் ஆறுதலான பதில், டெல்லியில் விஞ்ஞானி பவன் சின்ஹா நடத்திய 'பிரகாஷ்' திட்டத்தில் கிடைத்தது. பிறவியிலேயே பார்வையில்லாத, 8 முதல் 17 வயதுள்ள 5 பேருக்கு அறுவை சிகிச்சை செய்து பார்வை வந்தது. கையால் தடவிப் பார்த்த பொருளைக் கண்ணால் அடையாளம் காட்டச் சொன்னார்கள். முதலில் முடியவில்லை, குத்துமதிப்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் திரும்பச் சோதிக்கப்பட்டவர்கள் சில நாட்களிலேயே தேறினார்கள். 2011-ல் இந்த ஆய்வு வெளியானது. மூளை தாமதமாகவும் கற்கும் என்றாலும், இவர்களுக்குப் பார்வையின் கூர்மை முழுமையாக வந்துவிடுவதில்லை.

வீட்டில் கவனிக்க வேண்டியது

இது ஏதோ ஆய்வுக்கூட விஷயம் இல்லை. 'சோம்பேறிக் கண்' எனப்படும் குறைபாடு நம் ஊர்க் குழந்தைகளுக்கும் வருகிறது. ஒரு கண்ணில் பவர் அதிகம், அல்லது மாறுகண், அல்லது கண்புரை. மங்கலான கண்ணை மூளை ஒதுக்கிவிடும். இன்னொரு கண் நன்றாகத் தெரிவதால் பிள்ளை எதுவும் சொல்லாது.

கண்ணாடியும், நல்ல கண்ணைச் சில மணி நேரம் மறைத்து ஒட்டும் சிகிச்சையும் உண்டு. 7, 8 வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். அதற்குப் பிறகும் பலன் கிடைக்கலாம், ஆனால் குறையும். சின்னக் குழந்தையின் கண்களை விளையாட்டுப் போல மாற்றி மாற்றி மறைத்துப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட கண்ணை மறைத்தால் மட்டும் அழுது, உங்கள் கையைத் தள்ளிவிட்டால், அடுத்த வாரம் பார்த்துக்கலாம் என்று விடாமல் கண் டாக்டரிடம் காட்டுங்கள்.