நிற்கத் தெரிந்த சைக்கிள்

பொங்கல் வந்தால் செஞ்சி வட்டாரக் கிராமங்களில் கோலப்போட்டி, உறியடி, கயிறு இழுத்தலோடு ஸ்லோ சைக்கிள் ரேஸும் களைகட்டும். எல்லைக்கோட்டைக் கடைசியாகத் தொடுபவருக்குத்தான் பரிசு. கால் தரையில் பட்டால் அவுட். ஏதோ சிரிப்புக்காக வைக்கிற போட்டி என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் உலகின் அதிவேக சைக்கிள் வீரர்கள் ஒலிம்பிக்கிலேயே இந்த வித்தையைக் காட்டியிருக்கிறார்கள்.

1964, டோக்கியோ. இருவர் மோதும் ஸ்பிரிண்ட் சைக்கிள் பந்தய அரையிறுதியில் இத்தாலியின் ஜொவான்னி பெத்தெனெல்லாவும் பிரான்சின் பியர் த்ரான்தனும் பந்தயத்தின் நடுவே சைக்கிளை அப்படியே நிறுத்திவிட்டார்கள். கால் ஊன்றாமல் 21 நிமிடம் 57 விநாடி! முன்னால் போகிறவர் காற்றைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பின்னால் ஒட்டி வருபவர் அந்த மறைவில் தெம்பை மிச்சம் பிடித்துக் கடைசி நேரத்தில் முந்திவிடுவார். அதனால் இருவருக்குமே 'நீ முதலில் போ' என்ற பிடிவாதம். தங்கம் பெத்தெனெல்லாவுக்குக் கிடைத்தது. 1968-ல் வரேசே நகரில் அவரும் சக வீரர் செர்ஜியோ பியாங்கெத்தோவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இப்படி நின்றார்கள். பிற்பாடு, நிற்கும் நேரத்துக்கு விதி போட்டுக் கடிவாளம் கட்டினார்கள்.

இவர்கள் ஓட்டும் டிராக் சைக்கிளில் பிரேக் கிடையாது, கியர் மாற்ற முடியாது, ஃப்ரீவீலும் இல்லை. பின்பக்கப் பல்சக்கரம் ஹப்போடு இறுகியிருக்கும். பெடலைப் பின்னுக்கு அழுத்தினால் சக்கரமும் பின்னுக்கு வரும். முன்சக்கரத்தை ஓடுபாதைச் சரிவின் மேல்பக்கம் திருப்பி, ஓர் அங்குலம் முன்னே, ஓர் அங்குலம் பின்னே என்று அசைந்தபடி நிற்பார்கள். நம் சைக்கிளில் பின்னால் மிதித்தால் பெடல்தான் சும்மா சுற்றும். அதை வைத்துக்கொண்டு பிரேக்கும் உடம்புமாகச் சமாளிக்கிற நம்மூர்ப் பையன்களின் திறமை லேசுப்பட்டதல்ல.

இந்த வகை சைக்கிளுக்கு மிலான் நகரின் விகொரெல்லி மைதானம் ஒரு தாய்வீடு. 1935-ல் திறந்த, மரப்பலகை ஓடுபாதை. 1942-ல், போர் நடக்கும்போதே, சைக்கிள் வீரர் ஃபாஸ்தோ கோப்பி ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி உலக சாதனை படைத்தது இங்கேதான். பார்வையாளர் வரிசைக்கு அடியில் ஃபலியெரோ மாசியின் சைக்கிள் பட்டறை. அவரும் முன்னாள் பந்தய வீரர். 'தையல்காரர்' என்றே அவரை அழைத்தார்கள். வீரரின் அளவுக்கேற்ப எஃகுக் குழாயை வெட்டி, லக் எனும் மூட்டில் செருகி, பித்தளையை உருக்கிப் பற்றவைத்து, விளிம்பை அரத்தால் ராவி இழைப்பார். வேறு கம்பெனிக்கு ஓட்டிய சாம்பியன்கள்கூட இவரிடம் சைக்கிள் செய்து வாங்கி, தங்கள் அணியின் பெயரை எழுதி ஓட்டினார்கள். பிறகு மகன் அல்பெர்த்தோ அதே இடத்தில் தொழிலைத் தொடர்ந்தார். அந்தக் காலத்து மாசி சைக்கிளை இன்று உலகெங்கும் தேடித்தேடி வாங்கிப் போற்றுகிறார்கள்.

நாமோ பழைய ஹெர்குலிஸ் சைக்கிளை எடைக்குப் போட்டுவிடுகிறோம். மனம் பொறுக்கவில்லை. அது பந்தய வண்டியல்ல, நெல்மூட்டையும் பால்கேனும் சுமந்த வண்டி. இருந்தாலும் வீட்டில் தாத்தாவின் ஹெர்குலிஸ் இருந்தால், ஹேண்டிலுக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்தை எண்ணெய்த் துணியால் துடைத்துப் பாருங்கள். அங்கேயும் குழாய் லக்கில் செருகித்தான் பற்றவைக்கப்பட்டிருக்கும். முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் கைகோத்து 1949-ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் நிறுவனம், அந்த வண்டிகளைச் செய்தது நம் அம்பத்தூரில்.