மாமரத்துக்குத் தெளிக்க எந்தப் பம்பு?

வங்கியில் இருந்தபோது, கடனுக்கு வரும் பம்பு கொட்டேஷன்களில் நான் பார்த்தது இரண்டே விஷயம்: குதிரைத்திறன், விலை. ஓய்வுபெற்று மாந்தோப்பு வைத்த பிறகும் அதே கண்ணோடுதான் ஹெச்.டி.பி. தெளிப்பான் வாங்கினேன். பிளஞ்சர் பம்பு. உச்சிக்கிளை வரை புகையாய் அடித்தது. ஆனால் பூவெடுக்கும் நேரத்தில், பாதித் தோப்பு மிச்சமிருக்க, ஒழுக ஆரம்பித்துவிட்டது.

பிரித்துப் பார்த்த மெக்கானிக், "சார், உள்ளே பூரா மணலும் திப்பியும். பேக்கிங் தேய்ஞ்சு போச்சு" என்றார். பஞ்சகவ்யாவில் சாணத்தோடு வந்த மண்! பிளஞ்சர் கரைசலுக்குள்ளேயே உரசி ஓடுவது. துகள் பட்டால் தாங்காது.

டயாஃப்ரம் பம்பில் கரைசலுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு சவ்வு இருக்கிறது. திப்பியை ஓரளவு பொறுக்கும். சவ்வை மட்டும் அவ்வப்போது மாற்றணும். புதிதாக வாங்குகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

இரண்டுக்கும் ஓர் எச்சரிக்கை. கிணற்று மோட்டார் போல நினைத்து வாயை அடைத்தால் அழுத்தம் ஏறிக்கொண்டே போய் ஓஸ் வெடிக்கும். ரிலீஃப் வால்வும், தொட்டிக்குத் திரும்பும் ஓஸும் சரியாக இருக்கணும்.

நான் புது பம்பு வாங்கவில்லை. பேக்கிங் மாற்றினேன். இப்போது 100 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர் பஞ்சகவ்யா கலந்து, காடாத்துணியில் இரண்டு முறை வடிகட்டுகிறேன். அடித்து முடித்ததும் நல்ல தண்ணீர் ஓட்டிக் கழுவுகிறேன். அடுத்த பூவுக்கு ஒழுகவில்லை.

கடைக்குப் போனால் "எத்தனை ஹெச்.பி.?" என்று கேட்குமுன், "நான் அடிக்கப்போவது சாணக்கரைசல், தாங்குமா?" என்று கேளுங்கள்.