விளக்கெண்ணெயில் பறந்த விமானங்கள்

முதல் உலகப் போர்க் காலத்தில், பேராக்கின் பத்து காஜாவைச் சேர்ந்த தோட்ட முதலாளியான சார்லஸ் அல்மா பேக்கர், பிரிட்டிஷ் படைக்குப் போர் விமானங்கள் வழங்குவதற்காக மலாயா முழுவதும் நிதி திரட்டினார். அந்நாளில் 100 குதிரைத்திறன் நோம் இயந்திரம் பூட்டிய விக்கர்ஸ் விமானம் ஒன்றை நன்கொடையாக அளிக்க 2,250 பவுன் தேவைப்பட்டது. அந்த நோம், சுழல் இயந்திரம் என்னும் வகையைச் சேர்ந்தது. 1911 மார்ச்சில் ஜோசப் கிறிஸ்தியான்ஸ் சிங்கப்பூர் மக்களுக்குப் பறந்து காட்டிய பாக்ஸ்கைட் விமானத்தை இயக்கியதும் இவ்வகை இயந்திரமே.

மோட்டார் வண்டியில் சிலிண்டர்கள் அசையாதிருக்க, பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் வளைதண்டு மட்டுமே சுழலும். சுழல் இயந்திரத்திலோ வளைதண்டு விமானத்தின் உடலோடு இறுகப் பிணைக்கப்பட்டிருக்க, அதைச் சுற்றி ஆரக்கால்கள்போல் நின்ற சிலிண்டர்கள் அனைத்தும், தம்மோடு இணைந்த விசிறியையும் இழுத்துக்கொண்டு, நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,200 முறை சுழன்றன. பிரான்சின் செகின் சகோதரர்கள் பெருமளவில் தயாரித்த முதல் நோம் சுழல் இயந்திரத்தில் சிலிண்டர்கள் ஏழு. எடை ஏறத்தாழ 75 கிலோ. திறன் 50 குதிரைத்திறன். சுழற்சியே சிலிண்டர்களுக்குக் காற்று வீசியதால் குளிர்விக்கும் நீர் வேண்டியிருக்கவில்லை. சுழலும் எடையே ஓட்டத்தைச் சீராக்கியதால் தனிப் பளுச்சக்கரமும் வேண்டியிருக்கவில்லை. அக்காலத்தில் வேறெந்த இயந்திரமும் இவ்வளவு குறைந்த எடையில் இத்தனை ஆற்றலை நம்பகமாகத் தந்ததில்லை என்றே சொல்லலாம்.

பெட்ரோல் கலந்த காற்று, துளையிட்ட வளைதண்டின் வழியே இயந்திரத்தின் நடுவறைக்குள் புகுந்த பின்னரே சிலிண்டர்களை அடைந்தது. கனிம எண்ணெயைப் பெட்ரோல் கரைத்துவிடும் என்பதால், அதில் எளிதில் கரையாத ஆமணக்கு எண்ணெயே மசகாக ஊற்றப்பட்டது. பாகான் டத்தோவின் தென்னந்தோட்டமானாலும் ஈப்போவை அடுத்த ரப்பர்த்தோட்டமானாலும், பிள்ளைகளுக்கு வயிறு கழிய மூக்கைப் பிடித்துப் புகட்டப்பட்ட அதே விளக்கெண்ணெய்தான் இது. உலகச் சந்தைக்கு அதை மிகுதியாக அனுப்பியதும் இந்தியாவே. ஒருமுறை உள்ளே சென்ற எண்ணெய் திரும்பாமல் வெளியே சிதறி, விமானியின் முகத்தில் படிந்து, மூச்சோடு உட்சென்றதால், வீட்டுப் பிள்ளைகள் பட்ட வயிற்றுப் பாட்டை விமானிகளும் பட்டனர்.

வேகத்தைத் தணிக்க விமானி ஒரு பொத்தானை அழுத்தித் தீப்பொறியையே நிறுத்த வேண்டியிருந்தது. பம்பரம்போல் சுழன்ற எடை விமானத்தைத் தன்போக்கில் இழுத்ததால், இந்திய விமானி ஹர்தித் சிங் மாலிக் ஓட்டிய, சுழல் இயந்திரம் பூட்டிய சோப்வித் கேமல் போர் விமானம் வலப்பக்கம் விரைந்து திரும்பியது. பழகாதவர்களை அதுவே நிலைகுலைத்து வீழ்த்தியது.

சுழற்சியைக் கூட்டக் கூட்ட, சிலிண்டர்கள் காற்றைக் கிழிப்பதிலேயே ஆற்றல் வீணாயிற்று. ஆகவே போருக்குப் பின் வந்த பொறியாளர்கள் அதே ஆரக்கால் அமைப்பை வைத்துக்கொண்டு, சிலிண்டர்களை நிறுத்திவிட்டு வளைதண்டைச் சுழலவிட்டனர்.