லட்சுமி பாடிய கண்ணன் பாட்டு

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் நடந்தால் ஏதாவது ஒரு கடையிலிருந்து பக்திப் பாடல் காதில் விழும். அதில் கித்தாரும் டிரம்ஸும் கொஞ்சம் தூக்கலாக இருந்தால், கூட வரும் பெரியவர் முகம் சுளிப்பார். "இது சாமி பாட்டா, சினிமா பாட்டா?" வானொலிக்கு அழைக்கும் நேயர்களும் இதைக் கேட்பதுண்டு. அவர்களுக்கு ஒரு பாட்டின் கதையைச் சொல்கிறேன்.

பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1970-இல் 'மை ஸ்வீட் லார்ட்' பாடலை வெளியிட்டார். கிறிஸ்துவத் துதிச் சொல்லில் தொடங்கும் பின்னணிக் குரல்கள் மெல்ல கிருஷ்ண நாமத்துக்கு மாறும். நம் குரு வணக்க சுலோகமும் நடுவே வரும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அது முதலிடம் பிடித்தது. அந்தப் பாட்டு பலருக்கும் தெரியும். நான் சொல்ல வருவது, அதே ஹாரிசன் தயாரித்து 1974-இல் வந்த 'ஐ ஆம் மிஸ்ஸிங் யூ'.

ஆங்கிலத்தில் எழுதி மெட்டமைத்தவர் சிதார் மேதை ரவிசங்கர். டிரம்ஸ் ரிங்கோ ஸ்டார். பாடியவர் லட்சுமி சங்கர்.

யார் இந்த லட்சுமி? 1926-இல் ஜாம்ஷெட்பூரில் பிறந்தவர். பரதநாட்டியம் கற்று, உதய் சங்கரின் நடனக் குழுவில் சேர்ந்தார். உதய் சங்கரின் தம்பி ராஜேந்திராவை மணந்தார். அந்த வகையில் ரவிசங்கர் அவருக்குக் கொழுந்தன். நோய் வந்து ஆட முடியாமல் போனது. சலங்கையைக் கழற்றியவர் இந்துஸ்தானி இசை கற்றுப் பாடகியானார்.

பாட்டில் இருப்பது பிரிவு. வராத கண்ணனைத் தேடி ஒரு பெண் ஏங்குகிறாள். கண்ணன் பெயரை எடுத்துவிட்டால் அது சாதாரண காதல் பாட்டுதான். இது நமக்கு ஒன்றும் புதிதில்லை. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் மேகத்தையும் குயிலையும் தூது அனுப்பியது இதே ஏக்கத்தில்தானே? கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் ஆலயத்துக்கு மார்கழியில் திருப்பாவை கேட்கப் போகும் குடும்பங்களுக்கு இந்தப் பாட்டின் மொழி வேறாக இருக்கலாம், மனசு வேறல்ல.

அதே ஆண்டு இறுதியில் ஹாரிசனும் ரவிசங்கரும் வட அமெரிக்காவில் இசைப் பயணம் சென்றார்கள். வயலினுடன் எல்.சுப்ரமணியமும் உடன் போனார். சிகாகோவில் ரவிசங்கருக்கு மாரடைப்பு. அவர் இல்லாத மேடைகளில் இந்திய இசைக்குழுவை நடத்தியவர் லட்சுமி. ராக் இசை கேட்க வந்த கூட்டத்தின் முன்னால், புடவை கட்டிய ஒரு பெண்மணி! ஆனாலும் இன்று அந்தப் பயணம் ஹாரிசன் பெயரால்தான் நினைவுகூரப்படுகிறது. 2013-இல் லட்சுமி காலமானபோது நம்மில் எத்தனை பேருக்கு அவரைத் தெரிந்திருந்தது?

வீட்டுப் பிள்ளை கித்தார் வைத்துக்கொண்டு முருகன் பாட்டுக்கு மெட்டுப் போட்டால், அதட்டும் முன் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். வார்த்தை தெளிவாக இருக்கிறதா, மனம் ஒன்றிப் பாடுகிறானா என்று பாருங்கள். தாளத்தை அவன் பிறகு சரிசெய்துகொள்வான்.

இன்று இரவு 'ஐ ஆம் மிஸ்ஸிங் யூ'வைத் தேடிக் கேளுங்கள். பிள்ளைகளிடம் பாடியவரின் பெயரையும் சொல்லுங்கள்: லட்சுமி சங்கர்.